நெற்றிச் சாம்பல்

1 மார்ச் 2006, விபூதிப் புதன்

காலைப் பூசையில் சுவாமியார் நெற்றியில் இட்ட சாம்பற் சிலுவையோடு மெட்ரோ பிடித்து நேரே நூலகத்துக்கு வேலைக்குப் போனேன். மேசையில் ஒரு பழைய அமெரிக்க நாவல் இருந்தது. சூனியக்காரிகள் என்று அயலவர் கைகாட்டிய பெண்களை விசாரித்துத் தூக்கிலிட்ட காலத்துக் கதை. பிரதி கிடைப்பதே அரிது. பக்கங்களைச் சரிபார்க்கக் குனிந்தேன். நெற்றிச் சாம்பல் உதிர்ந்து தாளில் விழுந்தது. மெல்ல ஊதியிருக்க வேண்டும். பதற்றத்தில் விரலால் துடைத்தேன். கறை இழுபட்டுப் பெரிதாகிவிட்டது. ஓடிப்போய் முகத்தைக் கழுவினேன்.

பின்னேரம் மேலதிகாரி கறையைக் கண்டுவிட்டார். பார்த்தவுடனேயே சிகரெட் சாம்பல் என்று முடிவுகட்டினார். எங்கள் பிரிவில் சிகரெட் பிடிப்பவன் லூக் மட்டும்தான். அந்தப் புத்தகத்தைத் தான் தொடவே இல்லை என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை. நாளைக் காலை விசாரிப்பார்களாம். அவனுக்கு வேலை போய்விடுமோ தெரியாது. நான் பக்கத்திலேயே நின்றேன். வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார்.

"எங்கையப்பா நெத்திச் சாம்பல்? காலமை இருந்ததெல்லோ?"

"வேர்த்து அழிஞ்சு போச்சு."

"இந்தக் குளிருக்கையோ?"

சமையலறைக்குள் போய்விட்டேன்.

இப்போது இவர் நித்திரை. எழுத உட்கார்ந்தபோதுதான் கண்டேன், ஆட்காட்டி விரல் நகத்துக்குள் சாம்பல் இன்னும் இருக்கிறது. கழுவத்தான் எழும்பிப் போனேன். குழாயைத் திறந்தேன். கையை நீட்டாமலே மூடிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.