எழுபத்தைந்து நோட்டு

என் மகளுக்கு,

மூன்று கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை. இதற்கும் போட வேண்டாம். நான் நோட்டுகள் சேர்த்துவைத்த ஆல்பத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன்.

அன்று வீட்டிலிருந்த பணத்தையெல்லாம் வழித்துக்கொண்டு, அபூர்வமான வெளிநாட்டு நாற்பத்தைந்து நோட்டு ஒன்றை வாங்கப் போயிருந்தேன். அம்மாவுக்கு இழுப்பு வந்திருக்கிறது. மருந்து தீர்ந்திருக்கிறது. ஆல்பத்திலிருந்து எழுபத்தைந்து நோட்டை உருவிக்கொண்டு மருந்துக் கடைக்கு நடந்திருக்கிறாள்.

கடைக்காரர் பிறகு என்னிடம் சொன்னார்: "எழுபத்தஞ்சுல நோட்டு ஏதுங்க? விளையாட்டு நோட்டுன்னு நெனச்சுத் திருப்பிக் கொடுத்துட்டேன்."

அது அரசு ஒரு விழாவுக்காகக் கொஞ்சமாக அச்சடித்த, செல்லும் நோட்டுதான். அதை மட்டும் விற்காமல் நேற்று வங்கியில் கொடுத்தேன். காசாளர் ஏறெடுத்தும் பார்க்காமல் மாற்றிக் கொடுத்தார்.

அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று சாவு வீட்டில் கேட்டாயே. நான் திரும்பி வந்தபோது வாசற்படியில் உட்கார்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நோட்டை நீட்டினாள். நாலாக மடித்திருந்தாள். மடிப்பு விழுந்த நோட்டுக்குப் பாதி விலைகூடக் கிடைக்காது.

அவள் எதுவும் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன்: "ஏண்டி மடிச்சே?"

அப்பா