விட்டுப்போன அரை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போனை எடுக்க மாட்டாய் என்பதால் கூரியரில் அனுப்புகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. வீட்டுக்கு வா என்று கூப்பிட எழுதவில்லை.

'கத்திரி' என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம் என்று நீங்கள் திறந்து வைத்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் வாசிப்புச் செயலிக்கு ஒரு திருத்தம் வந்ததே, நினைவிருக்கிறதா? ஒரு வரி மாற்ற வேண்டிய இடத்தில் நாலாயிரம் வரியையும் மாற்றி அனுப்பிய அந்த அறிவாளி நான்தான். தையல் பட்டறையில் என்னைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். "வழிகாட்டியைப் படித்துவிட்டு வாருங்கள்" என்று எழுதி, திருத்தத்தை ஏற்காமல் மூடிவிட்டாய். பிறந்ததிலிருந்து நீ எனக்குக் கொடுத்த முதல் மரியாதை அந்த 'வாருங்கள்'. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

துணி வெட்டுகிறவளுக்கு அங்கே என்ன வேலை என்று நினைப்பாய். அப்பாவுக்கு ஒரு வருடமாகக் கண் தெரிவதில்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். சம்பளம் இல்லாததெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டு உன்னை வெளியே போக வைத்தாரே, அதே செயலியைத்தான் அவர் போனில் போட்டுக் கொடுத்தேன். பேப்பர், கரண்ட் பில், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் அதுதான் படித்துச் சொல்கிறது. நீ பதிவு செய்து கொடுத்த குரலில்.

போன மாதம் டாக்டர் பிரஷர் மாத்திரையைக் குறைத்தார். சீட்டில் "½ மாத்திரை" என்று அச்சடித்திருந்தது. உன் குரல் "மாத்திரை" என்று மட்டும் படித்தது. நாலு நாள் முழுசாகப் போட்டு, ஐந்தாம் நாள் குளியலறையில் விழுந்தார். நெற்றியில் ஆறு தையல். இப்போது எழுந்து நடமாடுகிறார். உங்கள் செயலி ½ என்ற குறியை மென்று விழுங்குகிறது என்பதை நான் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டேன். நாள் முழுக்க அரை இஞ்ச், அரை இஞ்ச் என்று குறிக்கிறவள் இல்லையா.

பட்டறையில் கம்ப்யூட்டரில் அளவு போடும் பெண்ணைப் பிடித்து, சாப்பாட்டு நேரங்களில் இந்தத் திருத்தம் போடக் கற்றுக்கொண்டேன். முதல் தடவை கோப்பைச் சேமித்தபோது ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ மாறிவிட்டதாம். வழிகாட்டியை ஒரு எழுத்து விடாமல் படித்து, இந்தத் தடவை ஒரே வரிதான் அனுப்பினேன். ½ என்றால் 'அரை'. ஆறு நாளாகிறது, நீ பார்க்கவில்லை. சனிக்கிழமை புதிய பதிப்பு வருகிறது. இதை விட்டால் அடுத்ததற்கு நாலு மாதம். அதற்குள் இன்னும் எத்தனை வீட்டில் யார் யார் விழுவார்களோ.

மாத்திரையை உடைத்து வைத்துப் பார்த்தேன். குரல் சொன்னதுதான் கணக்கு என்று இரண்டு பாதியையும் சேர்த்து விழுங்கிவிட்டார். இப்போது டப்பா என் கைப்பையில் இருக்கிறது. மத்தியானம் ஓடி வந்து கொடுத்துவிட்டு ஓடுகிறேன். மேற்பார்வையாளர் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறி முறைக்கிறார். போனில் வேறு குரல் வைத்துத் தருகிறேன் என்றேன், வேண்டவே வேண்டாம் என்றார். அந்தக் குரல் யாருடையது என்று நான் இதுவரை சொன்னதில்லை. அது தப்பாகப் படிக்கிறது அப்பா என்று நேற்றுக் கத்தியே விட்டேன். தலையைக்கூடத் திருப்பவில்லை.

"அவன் தப்பாச் சொல்ல மாட்டான்" என்றார்.

'அது' என்று சொல்லவில்லை, தம்பி.

அக்கா அனுப்பினாள் என்பதற்காகச் சேர்க்காதே. சரிபார். தப்பு இருந்தால் திட்டு, 'வாருங்கள்' போடாமல் திட்டு. ஆனால் சனிக்கிழமைக்குள் பார். நான் சொன்னால் அவர் கேட்க மாட்டார். அந்த 'அரை'யை நீ சொல்.

அங்கேயே இருந்தாலும் நன்றாக இரு.

உன் அக்கா