அடிச்சதா, வார்த்ததா?

அம்மாவுக்கு வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்கே பாரம் தூக்கும் கொக்கி செய்கிறோம். இரும்பைக் காய்ச்சி அடித்துத்தான் செய்ய வேண்டும் என்றேன். "அச்சுல வார்த்தா சீக்கிரம் முடியும், நீ வாயை மூடு" என்றார் மேலாளர். போன வாரச் சோதனையில் ஒன்று பட்டென்று உடைந்தது. யாருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை, எனக்குக் கையில் சின்னக் கீறல். இன்றும் வார்க்கத்தான் செய்கிறார்கள். 'தரம் சரி' என்று கையெழுத்துப் போடுவது நான்தான். மாட்டேன் என்றால் ஊருக்குப் போ என்கிறார்கள்.

வாணலி வாங்கப் போனால் "அடிச்சதா, வார்த்ததா?" என்று கடைக்காரரைக் குடைவாயே, அப்படிக் கேட்க இங்கே ஒருவருமில்லை.

பொத்தான் இல்லாத சட்டை இரண்டு அனுப்பு. வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது. எழுத்து கோணியிருக்கிறதே என்று பதறாதே, இடது கைக்கு இன்னும் பழகவில்லை.

உன் பெரியவன்