உன் பெயரில் நின்ற என் பிழை

சனிக்கிழமை காலை கணினியைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது உன் பெயர்தான். நம் ஃப்ரேம்வொர்க்கில் புதிய வசதி ஒன்றைச் சேர்க்கலாமா என்று கேட்டு ஒரு கோரிக்கை வந்திருந்தது. அதன் ஓரத்தில் 'ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது' என்ற வரியும், பச்சைத் துப்பட்டாவில் நீ சிரிக்கிற சின்னப் படமும். ஒப்புதல் தருகிறவர்கள் பட்டியலிலிருந்து உன்னை எடுக்க எனக்குக் கை வரவில்லை. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அது தெரியாமல் இயந்திரம் உன்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டே இருக்கிறது.

வெளியே திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் மோட்டார் சத்தம். ஓடைப்பட்டியில் அந்த வாடை வீட்டுக்குள் வராமல் இருக்காதே. ஜன்னலைச் சாத்திவிட்டுக் கோரிக்கையைப் படித்தேன். பாதி நிரப்பிய படிவத்தைத் தானாகவே சேமித்து, அடுத்த முறை திறக்கும்போது அப்படியே காட்டும் வசதி. நிறையப் பேர் கைதட்டல் குறி போட்டுப் பாராட்டியிருந்தார்கள். எனக்குப் படிக்கப் படிக்கப் பயம் கூடியது.

கல்லூரி முடித்த கையோடு உத்தமபாளையத்தில் உங்கள் வீட்டு மாடியில் நாம் எழுதத் தொடங்கியது அந்த ஃப்ரேம்வொர்க். இணையதளம் கட்டுகிறவர்கள் அடித்தளமாக வைத்துக்கொள்ள ஒரு நிரல். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். "யாருடி இத எடுத்துக் கட்டப் போறாக?" என்று நான்தான் சிரித்தேன். எடுத்தார்கள். பெயர் தெரியாத ஊர்களிலெல்லாம் எடுத்தார்கள். நம் பள்ளத்தாக்கிலேயே ஒரு மகப்பேறு மருத்துவமனைக்கு முன்பதிவுத் தளம் அதில் எழுந்தது.

பக்கம் சீக்கிரம் திறக்க வேண்டும் என்று நான் ஒரு வசதி எழுதினேன். ஒருவருக்குக் காட்டிய பக்கத்தை நினைவில் வைத்திருந்து அடுத்தவருக்கும் காட்டும். ஒருவருடைய சொந்த விவரத்தை அடுத்தவருக்குக் காட்டாமல் தடுக்கும் ஒரு வரியை விட்டுவிட்டேன். ஓடைப்பட்டியில் அன்று கரண்ட் இல்லை. உங்கள் வீட்டில் உன் லேப்டாப்பில் உட்கார்ந்து எழுதியதால் பதிவில் உன் பெயர் விழுந்தது. "நல்லாப் பாத்தியா புள்ள?" என்று கேட்டாய். "பாத்துட்டேன்" என்றேன். பார்க்கவில்லை.

அதை வெளியிட்ட இரண்டாம் நாள் மதியம், மருத்துவமனைத் தளத்தைக் கட்டியவர் உன்னை அழைத்தார். "ஒரு பொண்ணு பதிஞ்சது இன்னொருத்தவக போன்ல வந்துருச்சும்மா. பேரு, எதுக்காக வர்றா, எல்லாம். பாத்தது அந்தப் பொண்ணோட நாத்தனா."

புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் மருத்துவரைப் பார்க்க வந்த பெண். அரை மணி நேரத்தில் அந்த வசதியைத் திரும்பப் பெற்றோம். பார்த்த கண்ணிலிருந்து எப்படித் திரும்பப் பெறுவது?

மறுநாள் அந்தப் பெண்ணைப் பார்க்கக் கிளம்பினாய். என்னையும் கூப்பிட்டாய். தலைவலி என்று சொன்னேன். தலைவலி இல்லை, பயம். தனியாகப் போய்த் தனியாகத் திரும்பினாய்.

"என்னா சொன்னாக?"

"அவளப் பாக்க முடியல. ஆத்தா வீட்டுக்கு அனுப்பிச்சுட்டாகளாம். அங்கயும் போனேன். அவுக அம்மா 'இனிமே இங்கன வராதீக'ன்னு கதவச் சாத்திட்டாக."

அன்று மாலை, நடந்ததை விளக்கி எல்லோரும் பார்க்கிற இடத்தில் அறிவிப்பு எழுதினாய். 'என் கவனக்குறைவு' என்று உன் பெயரைப் போட்டாய். ஏன் என்று கேட்டேன். "சரின்னு சேத்துக்கிட்டது நாந்தான? நீ இப்ப பயந்து கெடக்குற நெலமையில தாங்க மாட்ட புள்ள." நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த நாளை மூன்று வருடமாக வரவில்லை.

அதற்குப் பிறகு யார் எந்தப் புது வசதியைக் கொண்டுவந்தாலும், "இத யாரு வீட்ல யாரு பாப்பாக?" என்று ஒரே கேள்வியைக் கேட்டாய். நிரலைக் கவனித்துக்கொள்கிறவர்கள் இணையத்தில் கூடும் சனிக்கிழமைக் கூட்டத்தில் சிலர் சலித்துக்கொண்டார்கள். நான் மட்டும் தலையைக் குனிந்துகொள்வேன். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். ஆறு நாளில் முடிந்துபோனது. உன்னிடம் மன்னிப்புக் கேட்கக்கூட இல்லை.

உன் பெயரைப் பார்த்த அதே சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில், கோரிக்கையைக் கொண்டுவந்த கோயம்புத்தூர் சரவணன் உற்சாகமாக விளக்கினான். வீட்டுக்கு ஒரே போன் இருக்கிற இடத்தில், பத்துப் பேர் உட்காருகிற பொதுக் கணினியில் என்ன ஆகும் என்று கேட்டேன். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "அவங்க ஒரு தப்புப் பண்ணிட்டு அப்புறம் எல்லாத்துக்கும் பயந்தாங்க. இப்ப அவங்களும் இல்ல. அவங்க பயத்த நாம எதுக்குத் தூக்கிச் சுமக்கணும்?"

சொன்னால் இனி யார் என்னை நம்புவார்கள்? சொல்லாவிட்டால் இந்த வசதி நாளைக்கே வெளியே போய்விடும்.

"அது அவ தப்பில்ல. நான் எழுதுனது. அவ லேப்டாப்ல. நாந்தான் மறைச்சேன்."

"இத்தனை வருஷமாவா?" என்று சரவணன் கேட்டான். "ஆமா" என்றேன்.

கடைசியில் அந்த வசதியை அணைத்தே வைத்து வெளியிடுவதென்று முடிவானது. வேண்டுகிறவர்கள் எச்சரிக்கையைப் படித்துவிட்டுத் தாங்களாகத் திறந்துகொள்ளட்டும். புதுப் பதிப்பை வெளியிடும் உரிமையை அடுத்த கூட்டம் வரை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்தது நியாயம்தான். பழைய அறிவிப்பில் உன் பெயர் இருந்த இடத்தில் என் பெயரை எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். உன்னைப் போலவே நானும் அவரை அத்தா என்றுதான் கூப்பிடுவேன். நின்றபடியே சொன்னேன்.

"அத்தா, அந்த ஆஸ்பத்திரி விசயத்துல தப்பு அவ மேல இல்ல. நான் செஞ்சது."

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"பள்ளிவாசல்ல நாலு பேரு கேட்டாகம்மா. 'ஒங்க மகதான அந்தப் புள்ள குடிய கெடுத்தது'ன்னு. வீட்டுக்கு வந்து, 'என்னயத் தலகுனிய வச்சுட்டியே'ன்னு கேட்டேன். அவ ஒரு வார்த்த பேசல. அதுக்கப்புறம் நான் அவகிட்ட மொகங்குடுத்தே பேசலம்மா. ஆஸ்பத்திரியில கெடக்கும்போதுதான் பேசுனேன். அப்ப அவளுக்கு நெனவில்ல."

எனக்கு இது தெரியாது. வாரத்தில் நான்கு நாள் அந்த மாடிக்கு வந்திருக்கிறேன். நீ டீ எடுத்து வருவாய், சிரிப்பாய், வேலையைப் பார்ப்பாய். கீழே உன் அத்தா உன்னோடு பேசாமல் இருந்திருக்கிறார். நான் எதையும் பார்க்கவில்லை.

அத்தா உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இப்போது நான் எழுதுகிற ஒவ்வொரு வரியிலும் என் பெயர் இருக்கிறது. சொல்லிவிட்டால் பயம் தீரும் என்று நினைத்திருந்தேன். தீரவில்லை. நான் வந்துபோய்க்கொண்டிருந்த வீட்டுக்குள்ளேயே என் பிழை மூன்று வருடம் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் வீடு போல, நான் போகவே போகாத வீடுகளில்?