அறுபத்தைந்தில் ஒரு கோடு

2009 பெப்ரவரி 10

இன்றைக்கும் கோடு போடுகிற வேலைதான். சிதறல் வரைபு. கீழ் அச்சில் கடலிலிருந்து வீட்டுக்கு உள்ள தூரம், மீற்றரில். நிமிர்ந்த அச்சில் சுனாமியில் வீடு எவ்வளவு உடைந்தது, நூற்றுக்கு எத்தனை என்று. ஒரு குடும்பத்துக்கு ஒரு புள்ளி. கல்முனைக்குடிக் கரையில் இன்னும் வீடு கிடைக்காத சனம் முழுவதும் என் திரையில் கடுகு கொட்டின மாதிரிக் கிடக்கிறது.

கொழும்புக் கந்தோருக்கு, எங்கள் தலைமை அலுவலகத்துக்கு, இரண்டு குறிப்புக் கோடுகள் வேண்டும். நிமிர்ந்த கோடு அறுபத்தைந்தில். கடலிலிருந்து அந்தத் தூரத்துக்குள் திரும்பக் கட்டக் கூடாது என்பது சட்டம், அதனால் அங்கே இருந்தவர்களுக்குக் கரையை விட்டுத் தள்ளி, ஊரின் உட்பக்கத்தில் புது வீடு. படுத்த கோடு ஐம்பதில். பாதிக்குக் குறைவாக உடைந்திருந்தால் ஒன்றுமில்லை. இரண்டும் வெட்டிக்கொள்ள நாலு பெட்டி வரும். இடது பக்கத்து மேல்பெட்டியில் விழுந்த புள்ளிக்கு வீடு.

வரைபில் இரண்டு தட்டுத் தட்டினால் திருத்துகிற சன்னல் திறக்கும். குறிப்புக் கோடு கேட்டால் மென்பொருள் தன் பாட்டுக்கு நடுவில் ஒன்றைப் போட்டுவிடும், அதற்குச் சட்டமும் தெரியாது சுனாமியும் தெரியாது. எண்ணை நான் அடித்து, பொத்தானை அமத்தி, பிறகுதான் சன்னலை மூட வேண்டும். அமத்த மறந்து மூடினால் கோடு திரும்பவும் நடுவில் போய் நிற்கும். தரவில் ஒரு எண் மாறினால் வரைபு புதிது, கோடும் புதிது. எத்தனை தரம்தான் போடுவது? கண் எரிகிறது.

அந்தக் கடுகுக்குள் எங்கள் வீட்டுப் புள்ளியும் இருக்கிறது. மேலதிகாரி கோணாமலை சேரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். என் மூத்தவள் றம்லா றாத்தா, அவளின் புருசன் பளீல் மச்சான், அவர்களின் இரண்டு பெண் பிள்ளைகள், நான் — எங்களைப் பெற்ற உம்மாவைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து ஐந்து பேரும் ஒரே தகரக் கொட்டிலில். வெயில் நாளில் உள்ளே இருந்தால் அவிந்து போவோம்.

2009 பெப்ரவரி 12

எங்கள் புள்ளியைத் தேடிப் பிடித்தேன். ஏன் பிடித்தேன்?

கோட்டுக்கு இடது பக்கம் இல்லை. வலது பக்கம், வெகு தூரத்தில். கடலிலிருந்து தொள்ளாயிரத்துச் சொச்சம் மீற்றராம். எங்கள் பழைய வீட்டுச் சமையல் குசினியில் நின்றால் கரைவலை இழுக்கிறவர்களின் ஏலேலோ கேட்கும், அந்த வீடு தொள்ளாயிரம் மீற்றராம். சேதம் மட்டும் நூற்றுக்கு நூறு. அது சரிதான், அத்திவாரத்தைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை.

நாங்கள் மட்டுமில்லை. வலது பக்கத்து மேல்பெட்டியில் முப்பதுக்கு மேல் புள்ளிகள். கோடு போடாமல் பார்த்தால் கண்ணில் படாது. போட்டதும் அவை தனியாகத் தெரிகின்றன, குற்றவாளிகளை ஒரு கரையில் நிறுத்தி வைத்த மாதிரி.

2009 பெப்ரவரி 13

றாத்தாவிடம் சொல்லவில்லை.

2009 பெப்ரவரி 24

கொழும்பிலிருந்து ஒரு மேடம் தொலைபேசியில். கடலுக்கு அவ்வளவு தூரத்தில் வீடு முழுதாக உடைந்திருக்க முடியாதாம், பொய்ச் சேதம் எழுதியிருக்கிறார்களாம், அந்தப் பெட்டியை அப்படியே நீக்கிவிட்டு மிச்சத்தை அனுப்ப வேண்டுமாம். கோடு தெளிவாகக் காட்டுகிறதே என்று அந்த அம்மா சொன்னா. கோட்டைப் போட்டது நான். எங்கட உம்மாட மையித்தயே தேடி மூணாம் நாள்தான் எடுத்தம், அதுவும் பொய்யாக்கும். சொல்லியிருக்கலாம். "சரி மேடம்" என்று வைத்துவிட்டேன்.

கோணாமலை சேர் அவகாசம் கேட்டு ஒரு மின்னஞ்சல் போட்டார். ஏப்ரல் நடு வரைக்கும் தந்திருக்கிறார்கள்.

2009 மார்ச் 4

எழுதியே ஆக வேண்டும்.

வினாயகபுரத்துக்கு வேலையாகப் போனோம், நானும் கோணாமலை சேரும், கந்தோர் வான் வண்டியில். வழியில் சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கினார்கள். வடக்கில் சண்டை உச்சத்தில், இங்கே எங்களுக்குச் சோதனை உச்சத்தில். ஆமிக்காரப் பொடியன் சேரின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அட்டையில் வினாயகபுரம், வாயில் கல்முனை என்கிறீர், எது உண்மை? சேர் நிதானமாக, உடைந்த சிங்களத்தில் விளக்கினார். அட்டையில் உள்ளது தாயின் வீடு, இருப்பது மனைவியின் வீடு, எங்கள் பக்கத்தில் ஆம்பிளைதான் பொம்பிளை வீட்டுக்குப் போக வேண்டும். இருபது வருடமாக இதையே சொல்லிக் களைத்துப் போன குரல்.

வானில் ஏறியதும், ஏன் சேர் அட்டையை மாற்றாமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பிள்ள, இந்தக் காலத்தில புது அட்டைய நீட்டினா, பழசு எங்க, ஏன் மாத்தினாய் எண்டு இன்னும் நாலு கேள்வி வரும். ஒருத்தரும் மாத்திறல்ல."

ஒருத்தரும் மாற்றுவதில்லை. பளீல் மச்சானும் மாற்றவில்லை. முஸ்லிமும் அப்படித்தான், தமிழரும் அப்படித்தான். வீடு பெண்ணுக்கு, வருகிறவன் மாப்பிள்ளை, அவன் அட்டை மட்டும் தாய் வீட்டிலேயே தங்கிவிடும். சேதத்தை இங்கே வந்து வீட்டைப் பார்த்து எழுதினார்கள். தூரத்தை? கொழும்பில் இருந்துகொண்டு, குடும்பத் தலைவரின் அட்டையில் உள்ள முகவரியைத் தேசப்படத்தில் வைத்து அளந்திருக்கிறார்கள். உடைந்தது பெண்டாட்டியின் வீடு. அளந்தது அவன் தாயின் வீடு.

சேரிடம் சொன்னேன். அவருடைய அட்டையை எடுத்துத் தானே ஒரு தரம் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

2009 மார்ச் 5

மச்சானின் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அவருடைய உம்மாவின் வீடு, வயல் பக்கம். தொள்ளாயிரத்துச் சொச்சம். அட்டை எதற்கு என்று கேட்டார். கந்தோர் வேலை என்றேன். ஆசை காட்டிவிட்டு இல்லையென்றாகிவிடக் கூடாது, அதனால்தான்.

2009 மார்ச் 17

கொழும்பு நம்பவில்லை, வீடு வீடாக அளந்து அனுப்பு என்கிறது. அளக்கிறேன். அளவு நாடாவின் ஒரு முனையை அலையடிக்கிற விளிம்பில் சேர் பிடிப்பார், மறுமுனையோடு நான் மணலில் நடப்பேன். அத்திவாரம்கூட இல்லாத இடங்களில் கிணற்றை வைத்துத்தான் வீடு எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரப் பெண்களே வந்து காட்டுகிறார்கள், இது வாசல், இது அறை, இதில் கட்டில்.

சுபைறா என்று ஒரு பொம்பிளை, நாடாவைப் பார்த்ததும் சண்டைக்கு வந்துவிட்டா. "எத்தின தரம்தான் அளப்பீங்க? கடல் வந்து அளந்திட்டுப் போனது பத்தாதா?"  அவவுடைய புள்ளியும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. பிறகு அவவே தண்ணீர் கொண்டுவந்து தந்தா.

கால் வெந்துவிட்டது. செருப்புக்குள் முழுக்க மணல்.

2009 ஏப்ரல் 2

புதுத் தூரங்களை அடித்து முடித்து, வரைபு எடுத்து, கோடு போட்டேன். அறுபத்தைந்து. ஐம்பது. வலது மேல்பெட்டி காலி. அத்தனை புள்ளியும் கோட்டைத் தாண்டி இடது பக்கம் வந்து அடைந்துகிடக்கின்றன. எங்களுடையது நாற்பதில்.

அல்ஹம்துலில்லாஹ். நிறைய நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு றாத்தாவிடம் சொன்னேன், வீடு கிடைக்கப் போகிறது என்று. அவள் மூத்தவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. கேட்டதா இல்லையா என்றே தெரியாத மாதிரி வாரினாள், பிறகு பார்த்தால் கண் கலங்கியிருக்கிறது.

2009 மே 6

கொழும்பு ஏற்றுக்கொண்டது. ஒரு வரிப் பதில். மன்னிப்பெல்லாம் இல்லை.

2009 மே 19

யுத்தம் முடிந்துவிட்டதாம். சந்தியில் கொடி, வெடி. எங்கள் பக்கத்திலும் வெடி கொளுத்தினார்கள், சந்தோசத்தில் பாதி, பயத்தில் பாதி. கோணாமலை சேர் கந்தோருக்கு வந்து நேரே தன் மேசைக்குப் போனார். அவருடைய மச்சாள் குடும்பத்தோடு, சண்டை நடந்த வன்னிக்குள் இருக்கிறா. தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். வைத்தபடியே ஆறிப்போனது.

2009 ஜூன் 9

வீடு கொடுக்கிற நிபந்தனை வந்திருக்கிறது. வாசித்து, திரும்ப வாசித்தேன்.

கோட்டுக்கு உள்ளே இருந்தவர்கள் சாவி வாங்க முன்னர் பழைய வளவை, வீடு நின்ற நிலத்தை, அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். புது வீட்டின் உறுதிப் பத்திரம் குடும்பத் தலைவரின் பெயரில்.

குடும்பத் தலைவர் என்றால் அட்டைக்காரர். பளீல் மச்சான்.

நல்ல மனிதர், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனாலும் உம்மாவின் வளவு போய், மச்சானின் பெயரில் வீடு. நானே நாடா பிடித்து அளந்து, நானே கோட்டுக்குள் தள்ளிவிட்டிருக்கிறேன்.

2009 ஜூன் 11

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னர் றாத்தாவிடமும் மச்சானிடமும் விசயத்தைச் சொன்னேன். மச்சான் மறுக்கவில்லை. தான் வந்த ஆள், வளவு றம்லாவின் வளவு, அவள் சொல்கிறபடி என்று எழும்பி வெளியே போனார். அவருக்கும் தகரத்துக்குள் படுத்துப் படுத்து முதுகு விட்டுப் போய்விட்டது, அது எனக்குத் தெரியும்.

றாத்தா கேட்டது ஒன்றே ஒன்று. பெயரை அவளுடைய பெயருக்கு மாற்ற முடியுமா? கோணாமலை சேர் கொழும்பில் இரண்டு தரம் கேட்டுவிட்டார், முடியாது என்றேன்.

"அப்ப வேணா."

என்ன வேணாம்? உனக்கென்ன விசரா, பைத்தியமா என்று கேட்க வாய் வரை வந்தது. மூத்தவளுக்குப் பதினாலு ஆகிறது, இன்னும் எத்தனை நாளைக்கு ஒரே பாயில்? உம்மா இருந்தாலும் வாங்கச் சொல்லித்தான் சொல்லியிருப்பா. கத்தினேன். அவள் கத்தவில்லை.

"அது என்ட வளவு மட்டுமா புள்ள? உம்மா ரெண்டு பேருக்குமெண்டுதானே வெச்சிட்டு மௌத்தாப் போனா. நான் எழுதிக் குடுத்திட்டுச் சாவிய வாங்கிருவன். நீ எங்க போற?"

உங்களோடுதானே இருப்பேன் என்றேன்.

"மச்சான்ட பேர்ல இரிக்கிற ஊட்டுல நீ விருந்தாளி. இண்டைக்கு ஒண்டும் சொல்ல மாட்டாரு. நாளைக்கு அவர்ட உம்மா சொல்லுவா."

சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை. பிள்ளைகள் இருவரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்கள்.

2009 ஜூன் 12

கோபம் ஆறவில்லை. எனக்கு வளவு வேணுமெண்டு நான் எப்பயாவது கேட்டனா? கலியாணம்தான் கேட்டனா? முப்பத்தைந்து வயதில் யாருக்கு வீடு சீதனம் கொடுத்து என்னத்தைச் செய்ய. என்னைச் சாட்டி அவள் பிள்ளைகளைத் தகரத்துக்குள் வைத்திருக்கப் போகிறாள். இந்தப் பாரத்தை நான் எப்படிச் சுமப்பேன்?

2009 ஜூன் 13

ஆனால் இந்த நாலரை வருடத்தில் நான் எங்கே போவேன் என்று ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

2009 ஜூலை 8

மற்ற எல்லாரும் ஒப்பம் வைத்துவிட்டார்கள். சுபைறாவும். ஒப்பம் வைக்கும்போது என்னைப் பார்த்து, "ஒன்ட அளவு சரியாத்தான் இரிந்திச்சி" என்றா. பாராட்டா திட்டா தெரியவில்லை. அவவுக்கு மூன்று பெண் பிள்ளைகள், வேறு வழியில்லை.

கோணாமலை சேரிடம் எங்கள் முடிவைச் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. தன்னுடைய மனைவியும் ஒப்பம் வைத்திருக்க மாட்டாள் என்று மட்டும் சொன்னார். மச்சாள் முகாமில் உயிரோடு இருக்கிறாவாம், நேற்றுத்தான் சேதி வந்ததாம். அதையும் அதே குரலில்தான் சொன்னார்.

2009 ஜூலை 21

கடைசி வரைபு. வீடு பெறுகிறவர்கள் நிறைந்த புள்ளி, பெறாதவர்கள் வெற்று வட்டம் என்று கொழும்பு கேட்டிருந்தது. இடது மேல்பெட்டிக்குள் எல்லாம் நிறைந்த புள்ளி. நாற்பது மீற்றரில் ஒரே ஒரு வெற்று வட்டம்.

மதியம் தொலைபேசி. அறிக்கையின் அட்டைக்கு இந்த வரைபைப் போடப் போகிறார்களாம், அந்த ஒரு வட்டம் மட்டும் பார்க்க அலங்கோலமாக இருக்கிறதாம், பயனாளி இல்லைதானே, எடுத்துவிடலாமா?

"இல்ல மேடம். அந்த வீட்டாக்கள் அங்கதான் இருக்கிறாங்க."

 சரி விடுங்கள் என்று வைத்துவிட்டா.

2009 ஜூலை 31

இன்றைக்குக் கந்தோரில் கடைசி நாள். திட்டம் முடிந்துவிட்டது, வேலையும் முடிந்துவிட்டது. கோணாமலை சேர் வானில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்.

நேரே கொட்டிலுக்குப் போகாமல் பழைய வளவுப் பக்கம் போனேன். மச்சானும் பிள்ளைகளும் அங்கேதான் நின்றார்கள். அத்திவாரத்தின் மேல் கம்பு நட்டுத் தென்னோலைக் கிடுகு கட்டிக்கொண்டிருந்தார் மச்சான். கல்லும் சீமெந்தும் வைத்தால்தான் கேட்பார்கள், கிடுகை ஒருவரும் கேட்க மாட்டார்களாம். காற்றுக்கு நன்றாக இருந்தது, தகரத்தை விட எவ்வளவோ மேல்.

றாத்தா வளவுக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தாள். தெருவில் தொடங்கிக் கடல் பக்கம் வரைக்கும், முளை அடித்து, இழுத்துக் கட்டியிருந்தாள். அந்தப் பக்கம் அவளுக்கு, இந்தப் பக்கம் எனக்காம். நடுவில் பிடித்தது மாதிரித் தெரியவில்லை. கயிறு அவளுடைய பக்கமாகக் கொஞ்சம் சரிந்து போகிறது, கிணறு முழுவதும் என் பக்கத்தில் விழுகிற மாதிரி.

கோணலாக இருக்கிறதே என்று சொன்னேன். கட்டினது கட்டினதுதான், அவிழ்க்க மாட்டேன் என்றாள். நான் வாளியைப் போட்டு ஒரு வாளித் தண்ணீர் அள்ளி, அவளுக்கு முகம் கழுவக் கொடுத்தேன்.