மெடிக்கலில் தேறியவர்

அண்ணே,

இன்று காலை பக்கத்து வீட்டு ஆயிஷா ஒரு கிண்ணத்தில் தம்ரூட் கொண்டுவந்தாள். அவள் வாசல்படி ஏறுவதற்குள் நெய் வாசனை உள்ளே வந்துவிட்டது. "பெரியவனுக்கு மெடிக்கல் ஃபிட்டுன்னு வந்துருச்சுக்கா. விசாவும் அடிச்சுட்டாங்க" என்றாள். வாழ்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் நான், "சக்கரை பாத்தாங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் சுருங்கிப் போயிற்று. இனிப்பு கொடுக்க வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? அவள் போன பிறகு கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தம்ரூட் செய்தால் சட்டியின் அடியில் ஒட்டிய முறுகலைக் கரண்டியால் சுரண்டித் தின்கிற ஆள் நீங்கள். உங்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் தூங்குவது போலத்தான் கிடக்கும். ஒரு நெய் வாசனை போதும், எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

அது தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்த காலம். நம் தெருவில் பாதி ஆண்கள் சவுதியிலும் துபாயிலும் இருந்தார்கள். நீங்கள் இரண்டு மாத லீவில் வந்திருந்தீர்கள். என் மகள் நஸ்ரின் அப்போதுதான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்திருந்தாள். வீட்டுக் குடத்தில் குடித்து, பள்ளிக்கூடத்துக் குழாயில் குடித்து, மதரஸாவில் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்கிற இடத்தில் கையேந்திக் குடித்து, அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் தீரவே இல்லை. எப்போதோ விட்டிருந்த பழக்கம் திரும்பி, தினமும் பாயை நனைத்தாள். பெருநாளுக்குத் தைத்த கவுன் தோளை விட்டு நழுவியது.

ஆளுக்கொன்று சொன்னார்கள். வெயில் காலம், பிள்ளைகள் குடிக்கத்தான் செய்யும் என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு நெல் மண்டியில் சீசன் நேரம். மூட்டை எடை போடுகிற அவசரத்தில் பிள்ளையின் எடை கண்ணில் படவில்லை. அம்மா கண்ணேறு என்று ஓதிப் பார்க்கச் சொன்னார்கள். நம் ஊர் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, பூச்சி என்று மருந்து எழுதினார். தெம்புக்குக் குளுக்கோஸ் மாவு கரைத்துக் கொடுக்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் உடனே பெரிய டப்பாவாக வாங்கிவந்தார். அதை இப்போது நினைத்தாலும் எனக்குத் தலை கொதிக்கிறது.

எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. யாரிடம் சொன்னாலும், முதல் பிள்ளை, அதனால்தான் பயப்படுகிறாள் என்று சிரித்தார்கள். சிரிக்காதவர் நீங்கள் ஒருவர்தான். ஒரு மத்தியானம் அவள் செம்பைத் தூக்கி மூச்சு விடாமல் குடிப்பதைச் சாப்பாட்டிலிருந்து கையெடுத்துப் பார்த்தீர்கள். "எத்தனை நாளா இப்படிக் குடிக்கிறா?" என்று கேட்டீர்கள். சொன்னேன். "தஞ்சாவூர் போயி ரத்தம் பாத்துருவோம்" என்றீர்கள்.

எதற்கு ரத்தம் என்று கேட்டேன். பார்த்துவிடுவோம், பார்த்துவிடுவோம் என்று அதையே சொன்னீர்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை வந்து இறங்கி, காரணம் சொல்லாமல் எல்லாரையும் அதிகாரம் செய்கிறீர்களே என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன். இவரும் முறைத்தார். மறுநாள் விடிந்ததும் நீங்கள் யாரையும் கேட்காமல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தீர்கள். பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தேன்.

அந்தப் பயணம் இருக்கிறதே! திருவாரூர் தாண்டுவதற்குள் அவளுக்காக பஸ்ஸை நிறுத்தச் சொல்லி கண்டக்டரிடம் திட்டு வாங்கினோம். நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம் போல மூடிக் கிடந்தது. ஒரு ரயில் போனது, கேட் திறக்கவில்லை. இன்னொன்று வரும் என்றார்கள். வெள்ளரிப் பிஞ்சு விற்பவள் ஜன்னலுக்கு ஜன்னல் வந்துகொண்டிருந்தாள். நஸ்ரின் உங்கள் மடியில் துவண்டு கிடந்தாள். பெரிது பெரிதாக மூச்சு வாங்கினாள், அந்த மூச்சில் அழுகப் போகிற பழத்தின் வாடை அடித்தது. நீங்கள் அவள் வாயருகே முகர்ந்து பார்த்துவிட்டு இறங்கிப் போய் கேட்காரரிடம் சண்டை போட்டீர்கள். பாவம், அவர் என்ன செய்வார்?

தஞ்சாவூரில் அந்த டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் நர்ஸைக் கூப்பிட்டார். விரலில் குத்தினார்கள், கையில் ஊசி ஏற்றினார்கள். எல்லாம் முடிந்து, அவள் கண் திறந்து தண்ணீர் கேட்ட பிறகுதான் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பேசினார். இது சர்க்கரை நோய், சின்னப் பிள்ளைகளுக்கும் வரும், இன்சுலின் ஊசி காலத்துக்கும் வேண்டும் என்றார். ஒரு நாள் தள்ளி வந்திருந்தால் பிள்ளை கிடைத்திருக்க மாட்டாள் என்றும் சொன்னார். பிறகு, "உங்க குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை இருக்கா?" என்று கேட்டார்.

"எங்க வீட்ல யாருக்கும் இல்லைங்க டாக்டர்" என்றேன் நான்.

நீங்கள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

ஊர் திரும்பியதும் என் பாடு தொடங்கியது. காலையும் மாலையும் ஊசி. ஒரு குழாயில் நீல மருந்தோடு அவள் சிறுநீரைச் சேர்த்துச் சூடு காட்டினால் நிறம் மாறும். பச்சை என்றால் எனக்கு மூச்சு வரும், செங்கல் நிறம் என்றால் நின்றுவிடும். ஊசி போடும்போது இவர் வாசலுக்குப் போய்விடுவார். வெளியில் யாருக்கும் சொல்லாதே, பெண் பிள்ளை, நாளைக்கு எவன் கட்டுவான் என்று சொந்தக்காரர்கள் படித்துப் படித்துச் சொன்னார்கள். சொல்லாமல் எப்படிச் சமாளிப்பது? குர்ஆன் ஓதி முடித்துக் கத்தம் ஓதுகிற வீட்டிலெல்லாம் அவள் கையில் இனிப்பைத் திணித்தார்கள். நான் பிடுங்கினால் ஈரமில்லாத தாய் என்றார்கள்.

நீங்கள் சவுதி திரும்பிய பிறகு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் முக்கு பூத்துக்குப் போன் வரும். நலமா என்ற கேள்வி கிடையாது. நேற்று என்ன நிறம், முந்தாநாள் என்ன நிறம், ஊசியை எந்தப் பக்கம் போட்டாய், காலில் புண் இருக்கிறதா, செருப்பில்லாமல் விளையாட விட்டாயா? பூத்துக்காரப் பையன் சிரிப்பான். எல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒருமுறை கேட்டேன். அங்கே ஒரு மலையாளத்து டாக்டர் பழக்கம் என்று சொன்னீர்கள். நம்பினேன்.

அடுத்த லீவில் உங்கள் பெட்டியிலிருந்து துணிமணிக்கு அடியில் சர்க்கரை பார்க்கும் மிஷின் வந்தது. விரலில் ஒரு பொட்டு ரத்தம் போதும், எண்ணாகவே காட்டிவிடும். நம் ஊரில் அப்போது அதை யாரும் கண்டதில்லை. நஸ்ரினுக்கு அன்றைக்குப் பெருநாள்தான். தினமும் தன் விரலை மட்டுமே குத்துகிறார்கள் என்ற ஆத்திரம் அவளுக்கு வெகு நாளாக இருந்தது. எல்லாரும் வரிசையில் உட்காருங்கள் என்று அதட்டினாள். எனக்குக் குத்தினாள், அம்மாவுக்குக் குத்தினாள். ஊசியைக் கண்டால் வாசலுக்குப் போய்விடும் அவள் அத்தா கூட விரலை நீட்டினார். உங்கள் முறை வந்ததும் ரத்தம் வைக்கும் பட்டைகள் விலை கூடியவை, வீணாக்காதே என்று எழுந்தீர்கள். அவள் உங்கள் கைலியைப் பிடித்துக்கொண்டு, "மாமாவுக்குப் பயம்" என்றாள். உட்கார்ந்தீர்கள்.

மிஷின் பீப் என்றது. அவள் அதைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள். "மாமாவுக்கு இது ஹாய் சொல்லுது" என்றாள்.

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அளவுக்கு மேல் போய்விட்டால் அந்த மிஷின் எண் காட்டாது, உயர்வு என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து மட்டும் காட்டும் என்று அன்று காலையில் நீங்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தீர்கள்.

கொல்லைப்பக்கம் துணி காயும் கொடிக்கு நடுவில் வைத்து உங்களைப் பிடித்தேன். எத்தனை வருஷமாக என்றேன். நஸ்ரின் பிறப்பதற்கு முன்பிருந்தே என்றீர்கள். மதினிக்குக் கூடத் தெரியாது. வேலையைப் புதுப்பிக்கும் மெடிக்கல் சோதனை நெருங்கினால் சோற்றைக் குறைத்து மாத்திரையைக் கூட்டுவீர்கள். தேறியதும் இரண்டையும் பழையபடி விட்டுவிடுவீர்கள். சொன்னால் கம்பெனிக்காரன் அன்றைக்கே டிக்கெட் கிழித்து ஊருக்கு அனுப்பிவிடுவான், வீடு கூரை மட்டத்தில் நிற்கிறது, பெண்கள் இரண்டும் வளர்ந்து நிற்கிறார்கள் என்று நீங்கள் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அந்த டாக்டரம்மா கேட்டப்ப ஏண்ணே வாயத் தொறக்கல?"

"தொறந்திருந்தா பூரா ஊருக்கும் தெரிஞ்சிருக்கும். ஆனா உன்னைத் தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போனேன்ல, ஜமீலா."

உண்மைதான். பிள்ளை தண்ணீர் குடிக்கும் விதத்தைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டது நீங்கள்தான். அதே தாகம் உங்களுக்கும் இருந்ததால்தான் கண்டீர்கள். என் மகளுக்கு உயிர் கொடுத்தவரை நிற்கவைத்துத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. போக வேண்டாம், இங்கேயே ஒரு கடை வைத்துக்கொள்ளுங்கள், நஸ்ரினுக்குப் போடும்போது உங்களுக்கும் நானே ஊசி போடுகிறேன் என்றேன். இந்தத் தடவை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறேன் என்று என் தலையில் கைவைத்துச் சொன்னீர்கள். மதினியிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டீர்கள். நீங்கள் விமானம் ஏறிய மறுநாளே மதினியிடம் சொன்னேன். அதற்காக நான் வருந்தவில்லை.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் நானும் உங்களை விசாரிக்க ஆரம்பித்தேன். நூற்று இருபது என்பீர்கள், நூற்று முப்பது என்பீர்கள். மிஷின் ஒன்றுதான் இருந்தது, அது என் அலமாரியில் இருந்தது என்பது உங்களுக்கு உறைக்கவில்லை. பொய்யையாவது ஒழுங்காகச் சொல்லத் தெரிந்ததா உங்களுக்கு? நான் போனிலேயே கத்துவேன். நீங்கள் சிரித்துவிட்டு, நஸ்ரினைக் கூப்பிடு என்பீர்கள். அவளிடம், பாதத்தைத் தினமும் பார்க்கிறாயா, விரல் இடுக்கையும் பார்க்கிறாயா என்று கேட்பீர்கள்.

வேலை செய்யும் இடத்தில் போடுகிற கனத்த பூட்ஸ் உங்கள் குதிகாலைக் கடித்தது. அதைத் துணி சுற்றி மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனீர்கள். நடக்க முடியாமல் போன பிறகுதான் உடன் தங்கியிருந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். காலை வெட்டி எடுத்தார்கள், அப்படியும் விஷம் ஏறிவிட்டது. தகவல் அதே பூத்துக்குத்தான் வந்தது. அங்கேயே அடக்கினார்கள். ஜனாஸா தொழுகையில் நின்றவர்கள் நல்ல கூட்டம் என்று எழுதியிருந்தார்கள். எங்களுக்கு இங்கே போய் நிற்க ஒரு மண்மேடு இல்லை. உங்கள் வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று, பெண்களுக்கும் கல்யாணம் முடிந்தது. மதினி அந்தப் பெரிய வீட்டில் தனியாக எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்கா அண்ணே?

நஸ்ரின் இப்போது திருச்சியில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் முதல் தேநீர் ஆறுவதற்குள் நானே விஷயத்தைச் சொன்னேன். இரண்டு குடும்பம் எழுந்து போனது. மூன்றாவதாக வந்த பையன், ஊசி போட எனக்கும் சொல்லிக் கொடுங்கள் என்றான். இப்போது ஒரு பேரனும் இருக்கிறான். அவன் ஒரு மடக்கு கூடுதலாகத் தண்ணீர் குடித்தால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவன் நன்றாகத்தான் இருக்கிறான். வெயில் காலம்மா, பிள்ளைகள் குடிக்கத்தான் செய்யும் என்று நஸ்ரினே என்னை அதட்டுகிறாள்.

போன மாதம் நஸ்ரின் வந்திருந்தபோது உங்கள் பேச்சு வந்தது. எல்லாரும் சொல்வது போல எவ்வளவு நல்ல மனுஷர் என்று இவர் ஆரம்பித்தார். நான் எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விட்டேன். நஸ்ரின் பின்னாலேயே வந்தாள். "மாமா மேல இன்னமும் கோவமாம்மா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். ஏன் விடமாட்டேன் என்கிறீர்கள் என்றாள். அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். உங்களை நினைத்து அழ மதினி இருக்கிறார்கள், கையேந்தித் துஆ செய்ய உங்கள் பெண்கள் இருக்கிறார்கள். சண்டை போட நான் ஒருத்திதான் இருக்கிறேன். நானும் விட்டுவிட்டால், நீங்கள் நிஜமாகவே போய்விடுவீர்கள்.

உங்கள் தங்கச்சி,
ஜமீலா