சோயா பற்றாக்குறை: ஆயிரம் டன்

மே 14
சோயா அட்டவணை ஒருவழியாக முடிந்தது. நான்கு மாதமாக இதே பிழைப்பு. செஞ்சி வட்டாரத்துக்குள் எவ்வளவு சோயா வந்தது, எங்கே போனது என்று மில் மில்லாக, தீவனக் கடை தீவனக் கடையாக ஏறி இறங்கினேன். தொகுப்பூதியக்காரிக்கு ஜீப்பா கொடுப்பார்கள்?

வரவு: எண்ணெய் மில்லுக்கு லாரியில் வந்த கொட்டை ஆயிரம் டன். தேவை: கோழித் தீவனத்துக்குப் போன பிண்ணாக்கு எண்ணூறு டன், அவ்வளவு எடுக்க ஆட்டவேண்டிய கொட்டைக் கணக்கில் ஆயிரம். கடைகளுக்குப் போன எண்ணெய் நூற்றெண்பது டன், கொட்டைக் கணக்கில் அதுவும் ஆயிரம். ஆகத் தேவை இரண்டாயிரம். பற்றாக்குறை ஆயிரம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். கோட்டைப் பாறையின் சூடு பொழுது சாய்ந்தும் தெருவில் அடிக்கிறது.

மே 29
எங்கள் வேளாண்மை அலுவலக அதிகாரி ராஜாராம் சார் டீ வாங்கிக் கொடுத்தார். அதிசயம். "பத்தலைன்னு காட்டினாத்தாம்மா மேல இருக்கறவங்க நம்ம பக்கம் திரும்புவாங்க" என்றார்.

ஜூன் 12
தம்பி வீரமணி போன் செய்தான். அவன் இருக்கும் அனந்தபுரத்தில் விவசாயிகள் கூட்டமாம். யாரோ ஒரு விதை ஏஜெண்ட் என் அட்டவணையைப் பெரிதாக அச்சடித்து ஒட்டியிருந்தானாம்.

"ஆயிரம் டன் பத்தலையாம்க்கா. போட்டா அள்ளினு போவாங்களாம். அடியில உன் பேரு இருந்துச்சு, எல்லாருக்கும் காட்டினேன்."

இரண்டு ஏக்கர் குத்தகைக்குப் பேசிவிட்டான். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் சொந்தமாகப் பயிர் வைத்ததில்லை. நைனா சாகிறவரை அடுத்தவர் கழனியில்தான் நின்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஜூன் 27
விதைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 10
கழனியைப் பார்த்துவிட்டு வந்தேன். முழங்கால் உயரம், நல்ல பச்சை. வீரமணி பெண்டாட்டி ரஞ்சனி களை எடுத்துக்கொண்டிருந்தாள். "இன்னா அண்ணி, சேலையெல்லாம் சேறாயிடும், வரப்புலயே நில்லுங்க" என்று சிரித்தாள். கேட்காமல் இறங்கினேன்.

ஆகஸ்ட் 30
அம்மாவோடு செக்குக்குப் போய் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, ஆட்டி வந்தேன். எண்ணெய்த் தூக்கு என் கையில், மாட்டுக்குப் பிண்ணாக்கு அம்மா தலையில். எதிரே வந்த ஒருத்தி எத்தனை மூட்டை என்று கேட்டாள். "எண்ணெய்க்கு ஒண்ணு, புண்ணாக்குக்கு ஒண்ணுன்னு தனித்தனியாவா ஆட்டுவாங்க? ஒரு மூட்டைதான்" என்றாள் அம்மா.

அப்படியே நின்றுவிட்டேன்.

ஒரே கொட்டைதான். அதிலிருந்துதான் எண்ணெய், அதிலிருந்துதான் பிண்ணாக்கு. நான் இரண்டையும் தனித்தனியாகக் கொட்டையாக்கிக் கூட்டியிருக்கிறேன். தேவையே ஆயிரம்தான். பற்றாக்குறை என்று ஒன்று கிடையவே கிடையாது. சரியாக இரட்டிப்பு வந்ததே — அப்போதாவது உறைத்ததா? மல்லாட்டை விளைகிற ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். வெட்கக்கேடு.

செப்டம்பர் 2
ராஜாராம் சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன ரிப்போர்ட் போனதுதாம்மா. அடுத்த வருஷம் 'திருத்தப்பட்டது'ன்னு அடியில ஒரு வரி போட்டுக்கலாம். உனக்கு இந்த மாசத்தோட ஆர்டர் முடியுதுல்ல? ரினிவலுக்கு நான்தானே எழுதணும்."

செப்டம்பர் 5
இன்றைக்குச் சொன்னால் வீரமணி சோயாவை மடக்கி உழுதுவிட்டு உளுந்து போடலாம். இன்னும் நாள் இருக்கிறது. வேலை போனால் போகட்டும். நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

செப்டம்பர் 6
போனேன். டீக்கடையில் வீரமணி நான்கு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "எங்க அக்கா போட்ட கணக்கு. அது தப்பாவாது." டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 20
சொல்லவில்லை. என்னடி பெண் நீ?

செப்டம்பர் 30
ரினிவல் வந்தது.

அக்டோபர் 11
அறுவடை முடிந்தது, பதினான்கு மூட்டை. மண்டியில் மல்லாட்டையும் உளுந்தும்தான் ஏலம் போகிறது, சோயா கேட்க ஆளில்லை. ஏஜெண்ட் போன் ஸ்விட்ச் ஆஃப். எண்ணெய் மில்காரர், "வடக்கேர்ந்து வந்த லோடே மலையா கிடக்குது. ஒன்பது ஊரும் சோயா போட்டுட்டு வந்து நின்னா நான் எங்கப்பா போவேன்?" என்றாராம்.

அக்டோபர் 19
ஐந்து நாள் மழை. கூரை ஒழுகி மூட்டைக்குள்ளேயே முளைவிட்டுவிட்டது. கையை விட்டால் சூடு. நாற்றம் தெருமுனை வரை.

இன்று சொன்னேன். எல்லாவற்றையும். அவன் கத்தவில்லை.

"எப்பத் தெரியும்?"

"ஆகஸ்ட் கடைசியில."

ஈரச் சாக்கிலிருந்து முளைவிட்ட கொட்டை ஒன்றை எடுத்து நசுக்கினான். "அப்பவே சொல்லியிருந்தா உளுந்து போட்டிருப்பேனேக்கா" என்றான். திட்டியிருக்கலாம்.

நவம்பர் 4
வீரமணி பெங்களூரு பஸ் ஏறிவிட்டான். கான்கிரீட் வேலை. என்னிடம் சொல்லவில்லை, அம்மாதான் சொன்னாள். குத்தகை வேறு ஆளுக்குப் போய்விட்டது.

ஜனவரி 15
பொங்கலுக்கும் வரவில்லை. போனை எடுப்பதில்லை.

மே 13
இந்த வருஷ அட்டவணை. உள்ளூர் விளைச்சல் என்று புதிதாக ஒரு வரி சேர்ந்திருப்பதால் வீடு வீடாகக் கேட்கவேண்டும். அனந்தபுரத்துக்கு வேறு ஆளை அனுப்பச் சொன்னேன். ஆள் இல்லை என்றார்கள்.

ரஞ்சனி வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை. படிவத்தைப் பிரித்தேன். விளைச்சல் பதினான்கு மூட்டை. விற்றது?

"இல்ல."

சாப்பாட்டுக்கு? விதைக்கு? மாட்டுக்கு?

"மாடு மோந்து பார்த்துட்டுத் திரும்பிக்கிச்சு. எல்லாத்தையும் குப்பையில கொட்டிட்டோம். அதுக்கு ஒரு கட்டம் இருக்குமில்ல?"

இருக்கிறது. 'இழப்பு' என்ற கட்டத்தில் பதினான்கு என்று எழுதினேன். வரவும் செலவும் சரியாக நின்றன. கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினேன். போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

"அவ்ளோதானே மேடம்?"